மல்லேஸ்வரத்து ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாத்தியார் இல்லை. பாங்கு ஆபீசர். கும்பகோணத்தில் பி.காம்., பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜெரண்டுக்கும் பார்ட்டிசிப்பிளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இதோ ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். அப்பேர்ப்பட்டவன் நாலு வருஷமாக மல்லேஸ்வரத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இதைத் தவிர புதன்கிழமை ராத்திரி தனியாக ஒருவருக்கு.

காசு வாங்குவதில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை சாமி, பாங்கு ஆபீசர்களுக்கான 1976-ம் வருஷத்து நடத்தை விதிகளின்படி அனுமதி இல்லாமல் வெளியே வேலை பார்க்கக் கூடாது. காபிப் பொடி வாங்கிக்கொள்வதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று தங்கமணி சொல்கிறாள். :-)

எப்படி ஆரம்பித்தது என்றால், செலானில் ஆரம்பித்தது. பாங்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் கையில் போகும் படிவங்கள் எல்லாம் மூன்று மொழியில் இருக்க வேண்டும். இந்தி, ஆங்கிலம், அந்த மாநிலத்து மொழி. இங்கே கன்னடம். திருவண்ணாமலையிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து பதினைந்து வருஷமாக பெங்களூரில் உழைக்கிற ஒருவர் கையில் அந்தச் செலானைக் கொடுங்கள். மூன்று மொழி இருக்கிறது, அவர் மொழி இல்லை. கவுண்டரில் இருப்பவர் அவரை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்த மனுஷன் காலையில் டீக்கடையில் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு வந்திருப்பார். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் அப்படிப்பட்டவர்தான். "சார், படிக்கத் தெரிஞ்சவன்தான் சார் நானு. இங்க வந்துதான் தெரியாதவனா ஆயிட்டேன்" என்றார் ஒரு நாள். அந்த வாக்கியம் எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவிடவில்லை.

கன்னடம் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேச்சுக் கன்னடம் இவர்களுக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் எங்கள் பூக்கார அம்மா பேரம் பேசுவதைக் கேட்டால் அவர் மாண்டியாக்காரர் என்றே சத்தியம் செய்வீர்கள். எழுத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி, என் பையனிடமே எழுத்து கற்று நானும் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி பில், செல்போனில் வரும் பாங்கு குறுஞ்செய்தி, பிள்ளையின் பள்ளிக்கூட டைரி எல்லாம் இந்த ஊரில் இங்கிலீஷில்தான் வருகின்றன. அதற்காகக் காத்திருக்க முடியாது.

ஆக, கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஒயிட் போர்டு, பத்து பிளாஸ்டிக் நாற்காலி. வாட்ச்மேன் அண்ணன், இஸ்திரி போடுபவர், பூக்கார அம்மாவும் அவர் மகளும், சமையல் வேலைக்கு வரும் இரண்டு அக்காக்கள், ஸ்ரீராமபுரத்திலிருந்து கூரியர் டெலிவரி செய்யும் தம்பி, மகன் வீட்டோடு வந்து இருக்கும் திருநெல்வேலி மாமி ஒருவர், சாஃப்ட்வேர் கணவரோடு புதிதாகக் குடிவந்த மதுரைப் பெண். இந்த மதுரைப் பெண் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். இங்கிலீஷ் பேப்பர் படிப்பார். வாயை மட்டும் திறக்கமாட்டார்.

கூட்டமாக வைத்துச் சொல்லிக்கொடுப்பதில் இருக்கும் சங்கடம் எனக்கு முதல் மாதத்திலேயே பிடிபட்டது. சமையல்கார அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை, தப்போ தவறோ தைரியமாகச் சொல்வார். மதுரைப் பெண்ணுக்கு டிகிரி இருக்கிறது. வாயைத் திறந்து 'ஹீ கோ' என்று ஒன்று வந்துவிட்டால் பட்டமே போச்சு. எவ்வளவு படித்திருக்கிறாரோ அவ்வளவு வெட்கம். நம் ஜனங்களிடம் நான் பார்த்த வரைக்கும் இங்கிலீஷுக்கு முதல் எதிரி இலக்கணம் இல்லை, பக்கத்து நாற்காலி.

சரி, ஜோடி ஜோடியாக உட்காரவைத்துப் பேசவிடலாம் என்பார்கள். பெங்களூரில் பஸ் ஸ்டாப்புக்கு ஒன்று என்று இருக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களில் இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எங்கள் ஸ்ரீராமபுரம் தம்பி ஒரு இடத்தில் மூன்று மாதம் பணம் கட்டிப் போய் வந்தவன். நாற்பது பேர், இருபது ஜோடி, ஒரு மாஸ்டர். இவன் ஜோடிக்கு 'ஹீ டிடின்ட் கேம்' என்று சொல்லும் பழக்கம். மூன்று மாதம் முடியும்போது இவனும் 'ஹீ டிடின்ட் கேம்' என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தைரியம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் தண்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு உதவி கிடைத்தது. சாங்கி ஏரியில் காலை நடைக்கு வரும் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற இங்கிலீஷ் ஆசிரியர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "இதே ஊரில் இதே கேள்வியைப் போட்டு அஞ்சு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டவங்க இருக்காங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். மறுநாள் பழைய ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் உலகத்தில் எங்கே போனாலும் 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்றால் தெரியுமாம். பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் தெரியாது! அதை நடத்தியவர் என்.எஸ்.பிரபு. அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தார். இங்கே 1963-ல் ஆரம்பித்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் கைகொடுத்தது. (ஞானபாரதி வளாகத்தில் இப்போதும் இருக்கிறது.) 1979-லிருந்து 1984 வரை, பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களில் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் எட்டு வகுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 390 பிள்ளைகள், வயது எட்டிலிருந்து பதினைந்து வரை, 18 ஆசிரியர்கள். ஏசி அறை, டேப் ரிக்கார்டர் எதுவும் கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ், பேப்பர்.

அதற்கு முன்னால் நம் பக்கத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'திஸ் இஸ் எ பென்', 'தட் இஸ் எ ட்ரீ'. ஒரு வாக்கிய அமைப்பை எடுத்து, வகுப்பே கோரஸாக நூறு தரம் சொல்வது. இந்த முறையைப் பரப்புவதற்கு 1959-ல் மெட்ராஸ் மாநிலத்தில் 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கிளம்பினார்கள். கொஞ்சம் பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு என்று பனிப்பந்து உருள்வது போல. அதனால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர். பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து! பந்து உருண்டது உண்மைதான். ஆனால் வகுப்பில் சரியாகச் சொல்லும் பிள்ளை வெளியே வந்தால் ஊமையாக நின்றது. நானே அப்படி நின்ற பிள்ளைதான். பேனாவைப் பார்த்து இது பேனா என்று யார் யாரிடம் சொல்லப்போகிறார்கள், சொல்லுங்கள்.

பிரபு என்ன நினைத்தார் என்றால், மனசு பாஷையிலேயே இருக்கும்போது பாஷை வருவதில்லை, மனசு வேறொரு விஷயத்தில் முழுசாக மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அது பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. இது என் பாஷையில் நான் சொல்வது, அவர் இன்னும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். ஆகவே பாடத்திட்டத்திலிருந்து இலக்கண வரிசையைத் தூக்கிவிட்டு, அதன் இடத்தில் புதிர் மாதிரியான வேலைகளை வைத்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், எந்த வண்டி பிடிப்பாய்? ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இங்கிருந்து அங்கே எப்படிப் போவாய்? ஆசிரியர் பேசுவது இங்கிலீஷ், ஆனால் கணக்கு வாத்தியார் கணக்கில் கண்ணாக இருந்து பேசுவாரே, அந்த மாதிரி இங்கிலீஷ். பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் வேறு மாதிரி சொல்வார். பிள்ளை தப்பாகப் பேசினால், வீட்டில் நாம் குழந்தை சொன்னதைத் திருப்பிச் சரியாகச் சொல்வோமே, அவ்வளவுதான். கோரஸ் கிடையாது, விதி விளக்கம் கிடையாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, வகுப்பை அவர் இரண்டாகப் பிரித்த விதம். முதல் பாதியில் ஒரு புதிரை ஆசிரியர் எல்லோரையும் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டுக் கேட்டுத் தீர்ப்பார். தெரிந்தவன் பதில் சொல்வான், தெரியாதவன் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். இரண்டாவது பாதியில் அதே மாதிரி இன்னொரு புதிர். அதை ஒவ்வொருத்தரும் தனியாகச் செய்ய வேண்டும். கூட்டத்தில் கேட்பது, தனியாகச் செய்வது. பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து அவர்களுக்குள்ளேயே பேசவிடுவதை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். அரைகுறை பாஷை அரைகுறை பாஷையோடு பேசினால் அரைகுறையே உறைந்துபோகும் என்பது அவர் பயம். உலகம் முழுக்கக் குழு, ஜோடி என்று கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் நம்மூர்க்காரர் இதைச் சொன்னார். ஸ்ரீராமபுரம் தம்பியின் 'டிடின்ட் கேம்' எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்று, அவர் வைத்திருந்த அளவுகோல். வகுப்பில் பாதிப் பேருக்காவது, வேலையில் பாதியாவது சரியாக வந்தால் அந்தப் புதிர் சரியான கஷ்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் எல்லாமே வந்தால் ரொம்ப சுலபம், தூக்கிப் போடு. பாங்கில் இப்படி ஒரு டார்கெட் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பலன் என்ன என்று நம் ஜனங்கள் கேட்பீர்கள். வெளியிலிருந்து இரண்டு பேர், ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும், பரீட்சை வைத்துப் பார்த்து 1985-ல் எழுதினார்கள். வாக்கிய அமைப்புப் பரீட்சையில் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். புதிர் மாதிரியான பரீட்சையில் பிரபுவின் பிள்ளைகள். இரண்டுக்கும் பொதுவான பரீட்சைகளிலும் பிரபுவின் பிள்ளைகள்தான் மேல். அவர்களும் அடக்கமாகத்தான் முடிவு சொன்னார்கள். பிரபு 1987-ல் இதைப் புத்தகமாக எழுதினார். 1990-ல் வேறொரு கட்டுரையில் மிகச் சிறந்த முறை என்று ஒன்றே கிடையாது என்று அவரே எழுதிவிட்டார். ஆசிரியருக்குத் தான் செய்வதில் நம்பிக்கையும் உயிரும் இருக்கிறதா என்பதுதான் பெரிசு என்று. சொந்தக் கடைக்கு முன்னாலேயே நின்று இப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

எனக்கு ரயில் அட்டவணையும் தெரியும், அதை விடப் பாங்கு தெரியும். புதிருக்குப் பஞ்சமா? போர்டில் ஒரு செக் வரைந்தேன். தேதி பிப்ரவரி 10. இன்றைக்கு மே 20. பாங்கு பணம் கொடுக்குமா? முதலில் ஒன்றை எல்லோருமாகத் தீர்த்தோம். செக் எழுதினால் மூன்று மாதம்தான் செல்லும், 2012 ஏப்ரலில் இருந்து அப்படி. (அதற்கு முன் ஆறு மாதம்.) இஸ்திரிக்காரர் விரல் விட்டு எண்ணி, "நோ மணி சார்" என்றார். "ஒய்?" "த்ரீ மன்த் ஓவர்." "யெஸ், த்ரீ மன்த்ஸ் ஆர் ஓவர். ஸோ வாட் வில் யூ டூ?" உடனே பூக்கார அம்மா, "ஆஸ்க் நியூ செக்" என்றார். இவர்களுக்கு யாரும் 'வில்' என்றால் எதிர்காலம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கவலை செக்கைப் பற்றித்தான். அடுத்த செக்கை ஆளுக்கு ஒரு பேப்பரில் கொடுத்தேன். ஒன்பது பேரில் ஆறு பேர் சரி. பிரபு கணக்குப்படி பாஸ்.

இன்னொரு வாரம் எழுத்தில் ஐயாயிரம், எண்ணில் ஐம்பதாயிரம் என்று ஒரு செக். அடேயப்பா, அன்றைக்கு நடந்த சண்டை! 1881-ம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டப்படி எழுத்தில் இருப்பதுதான் செல்லும், நடைமுறையில் அப்படிப்பட்ட செக்கைத் திருப்பித்தான் அனுப்புவோம் என்று நான் சொல்வதற்குள், திருநெல்வேலி மாமி எழுந்து, "ஹூ ரோட் திஸ்? கால் தட் மேன்!" என்று அதட்டினார். மாமி வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

கும்பகோணத்தில் காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம், மைசூரிலிருந்து நம்மூர் வழியாகப் போகும் ராத்திரி வண்டி பிடிப்பதா, பஸ்ஸா என்பதும் நன்றாக ஓடியது. ஆளாளுக்கு ஊருக்குப் போன கதை வந்துவிட்டதால் பாதி தமிழுக்கு மாறிவிட்டது என்பது வேறு விஷயம். வெளியூரில் இருப்பவர்களிடம் ஊர் போகும் வண்டி பற்றிப் பேச்செடுத்தால் எந்தப் பாஷையும் தாங்காது.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

சமையல்கார அக்காக்களில் ஒருவர், தர்மபுரிப் பக்கம். கணவர் இல்லை. ஒரே பெண், ஐந்தாம் வகுப்பு, தனியார் இங்கிலீஷ் மீடியம். நாலு வீட்டில் சமைத்து ஃபீஸ் கட்டுகிறார். "சார், எனக்குத் தனியா சொல்லிக் குடுங்க சார். ஞாயித்துக்கிழமை செக்கு பாங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேண்டியது வேற" என்று வந்து நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பேரன்ட்ஸ் மீட்டிங். வகுப்பு மிஸ் வங்காளத்துக்காரர். தமிழும் இல்லை, கன்னடமும் அரைகுறை. மிஸ் இங்கிலீஷில் சொல்வதை மகள்தான் அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள்.

"போன தடவ மிஸ்ஸு அஞ்சு நிமிஷம் பேசினாங்க சார். மூஞ்சி வேற சரியில்ல. இவகிட்ட என்னடி சொன்னாங்கன்னு கேட்டா, நல்லாப் படிக்கிறேனாம்மா, கையெழுத்து மட்டும் பாக்கணுமாம் அப்படிங்கறா."

சிரிப்பாகத்தான் இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. "அவ பொய் சொல்றான்னு கூட எனக்கு வருத்தமில்ல சார். எம்புள்ளயப் பத்தி எங்கிட்ட சொல்லறத, எம்புள்ளகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கறேன் பாருங்க" என்றார். குடும்பத்தோடு வெளியூரில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் சுடும். கையில் டிகிரி இருப்பதால் நாம் தப்பித்தோம், அவ்வளவுதான். பிள்ளையின் உலகத்துக்குள் போக பிள்ளையிடமே அனுமதிச் சீட்டு வாங்குகிற நிலைமை வேறு ரூபத்தில் நம் வீட்டுக்கும் வருகிறது. என் பையனும் அவன் நண்பர்களும் கன்னடத்தில் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது நான் பேப்பரைத் தூக்கிக்கொள்கிறேன்.

புதன் ராத்திரி எட்டரை மணி, கடைசி வீட்டு வேலை முடித்துவிட்டு வருவார். தங்கமணியும் கூட உட்காருவாள். தனியாகச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சுகம், அவருக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான்தான் மிஸ். ரிப்போர்ட் கார்டு ஒன்று தயார் செய்து கையில் வைத்துக்கொண்டு பேசுவேன். 'ஷி இஸ் வீக் இன் மேத்ஸ்', 'ஷி இஸ் நாட் கம்ப்ளீட்டிங் ஹெர் ஹோம்வொர்க்.' அவர் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: நல்ல செய்தியா, கெட்ட செய்தியா, எந்தப் பாடம்? பதில் தமிழில் சொன்னாலும் சரி. மூன்றாவது வாரத்தில் பதிலும் இங்கிலீஷில் வர ஆரம்பித்தது. கூட்டத்தில் கிடைக்காத இன்னொன்று, ஒளிந்துகொள்ள இடம் இல்லை. பக்கத்து நாற்காலி பதில் சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது. இருபது நிமிஷம் இங்கிலீஷ், இருபது நிமிஷம் அவர் வேலை பார்க்கும் வீடுகளின் கதை. கதையை நான் நிறுத்தவில்லை. தங்கமணி நிறுத்தவிடவில்லை என்பது சரியாக இருக்கும்.

இரண்டு மாதத்தில் நான் சொல்வதெல்லாம் அக்காவுக்குப் புரிந்தது. ஒரு புதன்கிழமை மாடி வீட்டிலிருந்து கூரியர் வாங்க வந்த பெண்ணை, அவரும் வங்காளிதான், சும்மா ஒரு நிமிஷம் அந்த ரிப்போர்ட் கார்டைப் படித்துச் சொல்லுங்கள் என்றேன். அதே வாக்கியங்கள். அக்கா என் முகத்தைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை புரியவில்லை! 'மேத்ஸ்' கூடப் பிடிபடவில்லை. அவருக்குப் புரிந்தது என் இங்கிலீஷ். கும்பகோணத்து உச்சரிப்பு, நிறுத்தி நிறுத்திப் பேசும் பாங்குக்காரன், எந்த இடத்தில் நான் புருவத்தைத் தூக்குவேன் என்பது வரைக்கும் மனப்பாடம். தனிப் பாடத்தில் பாஷையை விட வாத்தியாரைத்தான் ஆள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். ஒருவருக்கு ஒருவர் என்று மணிக்கு இத்தனை ரூபாய் கொடுத்துக் கம்ப்யூட்டரில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்ல வாத்தியாராக இருக்க இருக்க இந்த ஆபத்து அதிகம்.

அன்றிலிருந்து புதனும் ஞாயிறும் ஒன்றோடு ஒன்று கலந்தது. ஞாயிற்றுக்கிழமை புதிரை நான் மட்டும் படிப்பதில்லை. ஒரு வாரம் மாடி வீட்டு வங்காளிப் பெண், ஒரு வாரம் எதிர் வீட்டு மங்களூர் பெரியவர். அவர்களுக்கும் பொழுது போனது. முதல் பாதியில் சும்மா உட்கார்ந்து கேட்கலாம் என்று பிரபு வைத்தாரே, அந்த இடம் அக்காவுக்கு இதற்குத்தான் தேவைப்பட்டது: யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதியில் நாலு விதமான குரல்களைக் கேட்பதற்கு. வாயைத் திறக்க புதன்கிழமை. காதைத் திறக்க ஞாயிற்றுக்கிழமை.

மதுரைப் பெண்ணுக்கு இது அப்படியே தலைகீழ். அவருக்குக் காது நன்றாகவே இருந்தது. தங்கமணியோடு சாங்கி ஏரி பக்கம் நடக்கப் போனபோது இருவரும் இங்கிலீஷில் பேசிப் பார்த்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லவே இல்லை. ஆறாவது வாரம், மாடி வீட்டுப் பெண் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, "சார், இன்னிக்கு நான் வாசிக்கட்டுமா?" என்றார். மிஸ் வேஷம் போட்டு வாசித்தார். சமையல்கார அக்கா குறுக்குக் கேள்வி கேட்டதும் புத்தகத்தில் இல்லாத பதிலை இங்கிலீஷிலேயே சொல்லியாக வேண்டியதாகிவிட்டது. 'ஷி டோன்ட்' என்று ஒன்று வந்தது, உடனே 'டஸின்ட்' என்று தானே திருத்திக்கொண்டார். கூரை இடிந்து விழவில்லை. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் கை தட்டினார், எதற்கென்று தெரியவில்லை.

பேரன்ட்ஸ் மீட்டிங் போன மாதம் நடந்தது. நான் போகவில்லை, போகக் கூடாது என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி புதன்கிழமை இல்லை, ஆனாலும் வந்தார். மகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். ஒத்திகை பார்த்த 'குட் மார்னிங் மிஸ், ஐ ஆம் ஹெர் மதர்' எல்லாம் மறந்துபோய்விட்டது. உட்கார்ந்ததும் வாயில் வந்தது, "மிஸ், வாட் ஷி நாட் நோ?"

இலக்கணப்படி தப்புத்தான். ஆனால் அந்த மிஸ் இப்படி ஒரு கேள்வியை எந்த அப்பா அம்மாவிடமிருந்தும் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். என் பிள்ளை எத்தனையாவது ரேங்க் என்றுதான் நாமெல்லாம் கேட்போம். மிஸ் ஏதோ வேகமாகச் சொல்லியிருக்கிறார். "ஸ்லோ மிஸ்" என்றாராம் அக்கா. மிஸ் நிறுத்தி, ஒரு பேப்பரை எடுத்து எழுதிக்காட்டி, மறுபடி சொல்லியிருக்கிறார். கையெழுத்து எல்லாம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கில் ஃப்ராக்‌ஷன்ஸ் வரவில்லை, நாலு மாதமாக வரவில்லை. அதை மறைக்கப் பிள்ளை பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுகிறாள்.

வெளியே வந்து மகளிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். பஸ்ஸில் வரும்போது மகளே கேட்டிருக்கிறாள், "மிஸ் என்னம்மா சொன்னாங்க?" என்று. "கையெழுத்து நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன் சார் என்று சொல்லும்போது அக்கா முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

மிஸ் எழுதிக்கொடுத்த பேப்பரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். எடுத்து என் மேஜையில் விரித்தார். முக்காலும் அரையும் கூட்டினால் எவ்வளவு என்று ஒரு கணக்கு, பக்கத்தில் வட்டம் வட்டமாகப் படம்.

"இது என்னன்னு எனக்கு மொதல்ல சொல்லுங்க சார், நான் அவளுக்குச் சொல்லிக்கறேன். ஆனா இத மட்டும் தமிழ்ல சொல்லுங்க."

தங்கமணி தோசைக் கல்லை அடுப்பில் போட்டாள்.